டிக் டிக் நின்றது... காரும் நின்றது!

“அப்பா, டிக் டிக் சத்தம் வரலைப்பா!”

நவம்பர் மாதத்து இங்கிலாந்து. நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. நசநசவென்று தூறல். ரவுண்டானாவுக்குள் நுழைய ஊர்ந்துகொண்டிருந்த நீண்ட வரிசையில், எங்கள் 1970-ம் வருடத்து எம்.ஜி.பி. ஜி.டி. இரண்டு முறை இருமியது. பிறகு அமைதியாகிவிட்டது. பின்னால் வந்த வேன் ‘க்றீச்’ என்று பிரேக் அடித்து, ஒரு முழ இடைவெளியில் நின்றது.

பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே சாவியை அணைத்துத் திரும்பவும் போட்டேன். வழக்கமாகப் பின்பக்கமிருந்து கேட்கும் ‘டிக் டிக்’ கேட்கவில்லை. அதைத்தான் பக்கத்து சீட்டில் இருந்த 12 வயது மகள் முதலில் கவனித்துச் சொன்னாள். அந்தச் சத்தம்தான் பெட்ரோல் பம்ப்பின் நாடித்துடிப்பு.

வேன் டிரைவர் இறங்கி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். காரை ஓரமாகத் தள்ளக் கைகொடுத்தார். போகும்போது, “உங்க பிரேக் லைட் சரியாவே தெரியலை, பார்த்துக்கோங்க” என்றார். மழையில் அப்படித் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஓரத்தில் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு, நப்பாசையில் மறுபடி சாவியைத் திருப்பினேன். டிக் டிக் டிக்... ஒன்றுமே நடக்காதது போல் கார் கிளம்பியது!

காருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றாள் மகள். அந்தப் பேய் யார் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு புது பம்ப்புகளும் நான்கு மாதங்களும் ஆயின. பம்ப் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதுதான் இந்தக் கதையின் முடிவு.

அம்பாசடரின் சொந்தக்காரர்

எம்.ஜி.பி. என்பது ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் உள்ள அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 5 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் அங்கிருந்து வெளியேறின. மேற்கூரை திறந்த மாடல் ஒன்று. பின்னால் குட்டி சீட்டும் கூரையும் கொண்ட ஜி.டி. மாடல் ஒன்று.

நமக்கு இந்தக் கார் அந்நியம் என்று நினைத்துவிட வேண்டாம். இதில் இருக்கும் 1798 சிசி இன்ஜின், பி.எம்.சி. நிறுவனத்தின் ‘பி சீரிஸ்’ குடும்பத்தைச் சேர்ந்தது. நம்மூர் அம்பாசடரில் பல்லாண்டுகள் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் அதே குடும்பம்தான். பானெட்டைத் திறந்தால், அம்பாசடர் பார்த்து வளர்ந்த யாருக்கும் ஒரு நெருக்கம் வந்துவிடும். எனக்கும் அப்படித்தான் வந்தது. அந்த நெருக்கத்தில்தான் வாங்கினேன்.

ஆனால், ஒரு முக்கிய வித்தியாசம். அம்பாசடரில் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டியிருக்கும். இன்ஜின் சுழலச் சுழல அதுவும் வேலை செய்யும். எம்.ஜி.பி.யில் அது மின்சார பம்ப். காரின் பின்பக்கம், வலது பின்சக்கரத்துக்கு முன்னால், அடியில் தொங்கிக்கொண்டிருக்கும். எஸ்.யூ. நிறுவனத் தயாரிப்பு. எஸ்.யூ. என்றால் ‘ஸ்கின்னர்ஸ் யூனியன்’. செருப்பு வியாபாரக் குடும்பத்தில் பிறந்த ஸ்கின்னர் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம் அது.

அந்த பம்ப்பின் வேலை எளிமையானது. சாவியைப் போட்டதும் உள்ளே இருக்கும் மின்காந்தம் ஒரு ரப்பர் சவ்வை இழுக்கும். டேங்கிலிருந்து பெட்ரோல் உள்ளே வரும். இழுத்து முடித்ததும் ஒரு சின்ன ஸ்விட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கும்: ‘டிக்’. இப்போது ஸ்பிரிங் சவ்வைத் தள்ளி, பெட்ரோலை கார்புரேட்டருக்கு அனுப்பும். தள்ளி முடித்ததும் ஸ்விட்ச் மறுபடி சேரும். கார்புரேட்டர் நிறைந்துவிட்டால் ஸ்பிரிங்கால் தள்ள முடியாது. சத்தம் தானாக நின்றுவிடும்.

இந்தச் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லலாம். சாவி போட்டதும் படபடவென்று சில விநாடிகள் அடித்து நின்றால், எல்லாம் நலம். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால், டேங்கில் பெட்ரோல் இல்லை அல்லது குழாயில் எங்கோ காற்று புகுகிறது. இன்ஜின் ஓடாமலே சில விநாடிக்கு ஒரு முறை ‘டிக்’ என்றால், பெட்ரோல் எங்கோ கசிகிறது. சத்தமே இல்லை என்றால்... எங்களைப் போல ரவுண்டானா வாசலில் நிற்க வேண்டியதுதான்.

இடம் மாறிய பம்ப்

காருக்கு அடியில் இருக்கும் பம்ப் மீது சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீரும் சேறும் நேராக அடிக்கும். குளிர்காலத்தில் பனி உருகுவதற்காக இங்கே சாலையில் உப்பு தூவுவார்கள். இரும்புக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. பம்ப் நின்றுபோனால் சாலையோரம் மண்டியிட்டு, சின்ன சுத்தியலால் அதை ஒரு தட்டு தட்டுவது எம்.ஜி.பி. வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன சடங்கு. தட்டினால் ஒட்டிக்கொண்ட ஸ்விட்ச் விடுபட்டு, பம்ப் உயிர் பெறும்.

இந்தத் தொல்லைக்காகவே பலர் பம்ப்பைக் கழற்றி டிக்கிக்குள் மாற்றிவிடுகிறார்கள். நனையாது, கல் படாது, சுலபமாகக் கை எட்டும். எங்கள் காரை முன்பு வைத்திருந்தவரும் அதைத்தான் செய்திருந்தார். பம்ப்பை அழகாக, ரப்பர் வைத்து, உறுதியாக மாட்டியிருந்தார். ஆனால், அதற்கு மின்சாரம் போகும் வழியை மட்டும் அவசரத்தில் முடித்துவிட்டிருந்தார். அது எனக்கு அப்போது தெரியாது.

வண்டி நின்றதும் என் சந்தேகம் நேரே பம்ப் மேல் போனது. புது பம்ப் வாங்கினேன். நூறு பவுண்டுக்கு மேல். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு மாலையில், போக்குவரத்து நெரிசலில் அதே இருமல், அதே அமைதி. புது பம்ப்பே பழுது என்று முடிவுகட்டி, வேறொரு கடையில் இன்னொன்று வாங்கினேன். அதுவும் ஒரு மாதம்தான்.

“ஏங்க, காருக்கு பம்ப் வாங்கறீங்களா, பம்ப்புக்குக் கார் வாங்கியிருக்கீங்களா?” என்றார் மனைவி. நியாயமான கேள்வி. பதில் இல்லை.

எதிர்வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற மெக்கானிக். அவரிடம் புலம்பினேன். அவர் பம்ப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எப்போதெல்லாம் நிற்கிறது என்று மட்டும் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். பகலில், நெடுஞ்சாலையில் ஒரு முறையும் நின்றதில்லை. எப்போதும் இருட்டிய பிறகு, எப்போதும் நெரிசலில்.

ஒரு இண்டிகேட்டர் பல்பை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று வீட்டுக்குள் போனார்.

பல்பு சொன்ன உண்மை

21 வாட் பல்பு ஒன்று. பம்ப்பின் இரண்டு ஒயர்களையும் கழற்றி, நீளமான ஒயர் மூலம் அந்தப் பல்போடு இணைத்தார். பெட்ரோல் வாடைக்குப் பக்கத்தில் சூடான பல்பு இருக்கக் கூடாது என்று, அதைக் காருக்கு வெளியே, நாலடி தள்ளித் தரையில் வைத்தார். பம்ப் துடித்துத் துடித்து வேலை செய்வதால் மீட்டரில் எண்கள் குதிக்கும்; பல்பு நிதானமாக எரியும். அளப்பதற்கு அதுதான் வசதி.

சாவியைப் போட்டேன். பல்பு எரிந்தது, ஆனால் மஞ்சள் காமாலை வந்த மாதிரி. மல்டி மீட்டரை வைத்தோம். பேட்டரியில் 12.3 வோல்ட், பல்பில் 9.4 வோல்ட். நடுவில் 2.9 வோல்ட் எங்கோ காணாமல் போகிறது.

“இப்ப ஹெட்லைட்டைப் போட்டு, பிரேக்கை அழுத்தச் சொல்லுங்க.”

மகள் ஓடிப்போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து லைட்டைப் போட்டாள். பல்பு இன்னும் மங்கியது. பிரேக்கை மிதித்தாள். பல்புக்குள் இருந்த இழை, அணையப்போகும் ஊதுபத்தி நுனி போலச் சிவந்து நின்றது. காலை எடுத்தாள், பழையபடி எரிந்தது. மிதித்தாள், மங்கியது.

“அப்பா! அன்னிக்கு நீங்க பிரேக்கை மிதிச்சுக்கிட்டேதானே சாவியைத் திருப்பினீங்க?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரவுண்டானா வரிசையில் பிரேக் மீது கால், பம்ப் செத்தது. கார்புரேட்டரில் இருந்த மிச்சப் பெட்ரோல் ஓரிரு நிமிடம் ஓடித் தீர்ந்தது. ஓரத்தில் ஹேண்ட்பிரேக் போட்டுக் காலை எடுத்ததும் பம்ப் பிழைத்துக்கொண்டது. பேயின் முகவரி கிடைத்துவிட்டது.

மீட்டரின் ஒரு முனையைப் பம்ப்பின் எர்த் ஒயரிலும், மறு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தார் பெரியவர். விளக்குகளையெல்லாம் அணைத்து, பல்பு மட்டும் எரியும்போது 2 வோல்ட் காட்டியது. பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடம் அது. டிக்கியின் கார்பெட்டை விலக்கினோம். பம்ப்பின் கறுப்பு ஒயரும், பின்விளக்குகளின் கறுப்பு ஒயர்களும் ஒரே ஸ்க்ரூவில், பெயின்ட்டுக்கு மேலேயே முறுக்கப்பட்டிருந்தன. ஸ்க்ரூவைச் சுற்றி ஆரஞ்சு நிறத் துரு.

மின்சாரம் பம்ப்புக்குப் போனால் போதாது. வேலை முடித்துத் திரும்பி வரவும் வேண்டும். பழைய கார்களில் திரும்பும் வழி காரின் இரும்பு உடம்புதான். அந்த வழியில் துருவும் பெயின்ட்டும் குறுக்கே நின்றால், எவ்வளவு நல்ல பம்ப் போட்டாலும் அது பட்டினிதான். அந்த ஒற்றைக் குறுகிய வாசலில் பிரேக் விளக்குகளின் மின்சாரமும் முண்டியடித்தபோது, பம்ப்புக்கு மூச்சு நின்றது. பிரேக் விளக்குகளும் மங்கின!

வேன் டிரைவர் சொன்னது மழையால் வந்த தோற்றமில்லை. அந்த ஒரு முழ இடைவெளி நினைவுக்கு வந்ததும் வயிற்றைப் பிசைந்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவள் என் மகள்.

மீதி 0.9 வோல்ட் போன இடத்தையும் கண்டுபிடித்தோம். பழைய வெள்ளை ஒயர் டிக்கி வரை எட்டவில்லை என்று, கையில் கிடைத்த மெல்லிய ஒயரை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி நீட்டியிருந்தார்கள். டேப் பிசுபிசுத்துக் கழன்று, செம்பு வெளியே தெரிந்தது. ஒரு சாண் தள்ளிப் பெட்ரோல் குழாய்!

புது வழி போட்டோம்

அந்த ஞாயிற்றுக்கிழமையே பழையதைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்றேன். பெரியவர் தடுத்து, முதலில் தாளில் வரையச் சொன்னார்.

லூகாஸ் நிறுவனம் தந்த ஒயரிங் இது. பர்மிங்காமில் பிறந்த நிறுவனம். சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். மூலம் நமக்கும் பழக்கமான பெயர். பழைய பிரிட்டிஷ் கார் பிரியர்கள் லூகாஸுக்கு ‘இருட்டின் இளவரசன்’ என்று கிண்டலாகப் பட்டம் சூட்டியிருக்கிறார்கள். ஆனால், அவர்கள் வகுத்த நிற ஒழுங்கு பிரமாதம். பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை என்றால் சாவி போட்டால் வருவது, ஃப்யூஸ் இல்லாதது. பச்சை என்றால் சாவிக்குப் பிறகு ஃப்யூஸ் வழியாக வருவது. கறுப்பு என்றால் எர்த்.

கவனித்தீர்களா? பம்ப்புக்குப் போவது வெள்ளை ஒயர். அதாவது, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதற்கு ஃப்யூஸ் கிடையாது. அந்த ஒயர் எங்காவது உரசி இரும்பைத் தொட்டால், தடுக்க யாருமில்லை. ஒயர் பழுத்துச் சிவக்கும், பக்கத்தில் பெட்ரோல். பம்ப்பை இடம் மாற்றும்போது ஃப்யூஸ் சேர்ப்பது கட்டாயம் என்று சொல்வது இதனால்தான்.

எம்.ஜி.பி.யில் ஒரு வசதி: பேட்டரி முன்னால் இல்லை, பின் சீட்டுக்கு அடியில். எங்கள் காரில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 12 வோல்ட் தருகின்றன. டிக்கிக்குக் கூப்பிடு தூரம்கூட இல்லை. எனவே திட்டம் இப்படி அமைந்தது.

பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து புது பிரவுன் ஒயர், 2 சதுர மில்லிமீட்டர் கனம். கிளம்பிய ஒரு சாணுக்குள் 10 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்யூஸுக்கு முன்னால் இருக்கும் ஒயருக்குப் பாதுகாப்பு இல்லை என்பதால், அந்தத் தூரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அங்கிருந்து டிக்கியில் ஒரு ரிலேயின் 30-ம் எண் முனைக்கு. ரிலேயின் 87-ம் முனையிலிருந்து பம்ப்புக்கு.

பழைய வெள்ளை ஒயருக்கு இனி பாரம் சுமக்கும் வேலை இல்லை. ரிலேயின் 86-ம் முனையைத் தொட்டு எழுப்பிவிடுவது மட்டும்தான் அதன் வேலை. 85-ம் முனை எர்த்துக்கு. அரை நூற்றாண்டு வயதான சாவி ஸ்விட்ச்சும் கனெக்டர்களும் இந்த லேசான வேலையைத் தாராளமாகச் செய்யும்.

எல்லாக் காருக்கும் ரிலே வேண்டுமா? வேண்டாம். இந்த பம்ப் அதிகம் மின்சாரம் இழுப்பதில்லை. பழைய வெள்ளை ஒயர் ஆரோக்கியமாக இருந்து, மீட்டரில் வோல்டேஜ் குறையாமல் வந்தால், ஒரு ஃப்யூஸும் நல்ல எர்த்துமே போதும். அளந்து பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

வெள்ளை ஒயருக்கு நடுவே ஒரு ‘இனர்ஷியா ஸ்விட்ச்’ வைத்தோம். உள்ளே ஒரு இரும்புக் குண்டைக் காந்தம் பிடித்திருக்கும். கார் எதிலாவது மோதினால் குண்டு துள்ளி, இணைப்பைத் துண்டிக்கும். பம்ப் நிற்கும். மின்சார பம்ப்புக்கு இன்ஜின் நின்றது தெரியாது; சாவி போட்டிருக்கும் வரை உடைந்த குழாயிலும் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டிருக்கும். அதைத் தடுக்கும் சின்னக் காவல்காரன் இது.

கடைசியாக எர்த். டிக்கி ஓரத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளி போல இரும்பு மின்னும்வரை விடவில்லை மகள். வளைய லக், பல் வைத்த வாஷர், போல்ட், இறுக்கிய பிறகு துருப்பிடிக்காமல் மேலே வாசலின். பம்ப்புக்குத் தனி எர்த். பின்விளக்குகளுக்குத் தனி எர்த். இனி ஒரே வாசலில் தள்ளுமுள்ளு கிடையாது.

இணைப்புகளையெல்லாம் கிரிம்ப் செய்தோம். பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் சால்டரிங் இரும்பைப் பற்றி நினைக்கவே கூடாது. ஒயர் தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம். சாணுக்கு ஒரு கட்டு.

வாசனையை அலட்சியம் செய்யாதீர்கள்

பம்ப்பை டிக்கிக்குள் வைப்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. வெளியே சொட்டினால் காற்றோடு போகும். டிக்கிக்குள் சொட்டினால் ஆவி தேங்கும். பழைய வகை பம்ப்பில் ஒவ்வொரு ‘டிக்’கிலும் ஒரு சின்னப் பொறி உண்டு. அதனால் பம்ப்பின் காற்றுக் குழாய்களை டிக்கிக்கு வெளியே விட வேண்டும். ஸ்விட்ச் இல்லாத எலெக்ட்ரானிக் வகை பம்ப் கிடைத்தால் இன்னும் நல்லது.

ரப்பர் குழாய்களையும் மாற்றினோம். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பரை அது அரிக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய் என்று பார்த்து வாங்கினோம்.

இதில் யாரும் வந்து நம்மைச் சோதிக்கப் போவதில்லை என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். பிரிட்டனில் பெரிய மாற்றங்கள் செய்யப்படாத, 40 வயதைத் தாண்டிய கார்களுக்கு வருடாந்திரத் தகுதிச் சோதனை 2018 மே முதல் கட்டாயமில்லை. சலுகை என்று சந்தோஷப்பட்டேன். மங்கிய பிரேக் விளக்கோடு இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன் என்று தெரிந்தபோது, அந்தச் சந்தோஷம் போய்விட்டது. யாரும் பார்க்காத இடத்தை நாமே பார்க்க வேண்டும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு...

* வேலை தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். நெகட்டிவ் எர்த் காரில் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். 1967-க்கு முந்தைய எம்.ஜி.பி.க்கள் பாசிட்டிவ் எர்த். அவற்றில் பாசிட்டிவ்தான் முதலில்.
* திறந்த வெளியில் செய்யுங்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் வாடை அடித்தால், அது போகும்வரை மின்சாரத்தைத் தொட வேண்டாம்.
* பாகத்தை மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். அதுவும் பாரம் இழுக்கும்போது அளக்க வேண்டும். சும்மா இருக்கும் ஒயரில் மீட்டர் எப்போதும் 12 வோல்ட் என்றுதான் சொல்லும்.
* ஒரு விளக்கைப் போட்டால் இன்னொன்று மங்குகிறதா? முதல் சந்தேகம் எர்த் மேல் இருக்கட்டும். ஸ்கூட்டரானாலும் டிராக்டரானாலும் இது பொருந்தும்.
* இன்ஜின் ஓடாமல் சாவியை அதிக நேரம் போட்டு வைக்காதீர்கள். இக்னிஷன் காயில் சூடாகும்.

மறுபடி ரவுண்டானா

வேலை முடிந்ததும் பம்ப்பை மாட்டும் முன் அதே பல்பை வைத்துப் பார்த்தோம். வெள்ளையாகப் பிரகாசித்தது. பேட்டரியில் 12.3, பல்பில் 12.1. மகள் பிரேக்கை மிதித்தாள். இந்த முறை பல்பு அசையவில்லை. பின்னால் போய் நின்று பார்த்தேன். பிரேக் விளக்குகள் கண்ணைக் கூசின. ஒயர், ரிலே, ஃப்யூஸ், ஸ்விட்ச் எல்லாம் சேர்த்து, நான் வீணாக்கிய ஒரு பம்ப்பின் விலையில் பாதிகூட ஆகவில்லை.

பெரியவருக்கு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை. மனைவி ஒரு டப்பா நிறைய முறுக்கு கொடுத்தனுப்பினார். மறுநாளே டப்பா காலியாகத் திரும்பி வந்தது.

அடுத்த வாரம், வேண்டுமென்றே இருட்டிய பிறகு, வேண்டுமென்றே நெரிசலில், அதே ரவுண்டானாவுக்குப் போனோம். வரிசை நகரவே இல்லை. பிரேக்கை அழுத்திப் பிடித்திருந்தேன். ரேடியோ வேண்டாம் என்று அணைத்துவிட்டு, தலையைப் பின்பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள் மகள்.

“வருதாம்மா?”

“வருதுப்பா... டிக், டிக்.”

வரிசை நகர்ந்தது. காலை எடுத்தேன்.